இரண்டு உடல் அறுத்த வாள்

என் தம்பி பிறந்த துடக்குக் கழித்த அன்று எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயடைத்துப் போனார்கள். அதற்குப் பிறகு வந்த யுத்தத்தில் நான் எவ்வளவோ சாவுகளைப் பார்த்துவிட்டேன். ஆனாலும் அம்பாளே என்று என் வாயில் தானாக வந்தது அன்றைக்குத்தான் முதல்தரம்.

அக்கராயனில் குளத்துத் தண்ணீர் பாயும் வயற்காணி எங்களுடையது. யாழ்ப்பாணத்தில் இருந்து காணி கிடைத்து வந்து குடியேறிய ஆட்கள் நாங்கள். அப்பாவுக்குப் பகலில் வயல், பொழுதுபட்டால் அம்பாள் கோயில். கோயிலில் புராணப் படிப்பு நடக்கிற நாட்களில் ஒருவர் பாட்டை வாசிப்பார், அப்பா பயன் சொல்லுவார். பயன் சொல்வது என்றால் பாட்டின் பொருளைச் சனத்துக்கு விரித்துச் சொல்வது. ஒரு சொல்லைப் பிடித்தாரென்றால் லேசில் விடமாட்டார். பாட்டில் யானை வந்தால் அது யானை இல்லை, ஆணவம். ஆறு வந்தால் அது ஆறு இல்லை, பிறவி. வீட்டிலும் அந்தப் பழக்கம் அவரை விட்டதில்லை. ஒருநாள் சாப்பாட்டில் கல் கடிபட்டு அவர் முகத்தைச் சுளிக்க, "என்னப்பா, அந்தக் கல்லுக்கும் ஒருக்காப் பயன் சொல்லுங்கோவன்" என்று அம்மா கேட்டா. அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. உண்மையாகவே யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கப்பலில் வேலை செய்தவர். கலியாணம் கட்டவில்லை. கப்பலால் வருகிற மற்ற ஆட்கள் றேடியோவும் சீலையும் கொண்டுவருவார்கள். மாமா வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டோடு வந்து இருந்தபோது அவருடைய றங்குப்பெட்டியைத் திறக்கிறார் என்று நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். உள்ளே பட்டுத்துணி உறைகளில் மூன்று குட்டை வாள்கள். யப்பான் துறைமுகங்களில் கப்பல் நிற்கும்போதெல்லாம் பழைய சாமான் விற்கிற கடைகளில் தேடித் தேடி வாங்கினவராம். எல்லாம் நூற்றுக்கணக்கான வருடம் பழையவை.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு காலமும் கடலிலை கிடந்து உழைச்சுப்போட்டுக் கத்தியோடை வந்திருக்கிறான். இனி வாழைக்குலை வெட்டுறதுக்கு எங்களுக்குக் குறையில்லை."

மாமா வாள்களைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தார். அவருக்கு அப்பாவில் பயம். சாப்பிடும்போது அப்பா விறாந்தையில் கதிரையில் இருப்பார், மாமா குசினிக்குள் பலகையில் இருப்பார்.

அந்த வாள்களுக்கு வாக்கிசாசி என்று பெயர். நீள வாளோடு சோடியாக இடுப்பில் செருகுகிற சின்ன வாள். மாமா அதை உறையில் இருந்து எடுக்கிறபோது வாயில் ஒரு கடதாசித் துண்டைக் கவ்விக்கொள்ளுவார். எச்சிலோ மூச்சோ பட்டால் இரும்பு கறுத்துவிடுமாம். எடுத்த வாளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். கூர்ப்பக்கம் நெடுகலும் வெள்ளையாக ஒரு வரி ஓடும், கரையில் அலை வந்து நின்ற மாதிரி. துடைத்து முடிய அதற்குக் கராம்பெண்ணெய் பூசுவார். அதனால் எங்கள் வீடு எப்போதும் கராம்பு மணக்கும். அயலில் பல்வலி வந்த ஆட்கள் போத்தலோடு படலையில் வந்து நிற்பார்கள். வாள்கார மாமா என்று அவரை ஒருவரும் சொன்னதில்லை. பல்லுக்காரத் தம்பி என்றுதான் ஊருக்குள் பெயர்.

அவருக்கு வாளை விட அதைச் செய்த ஆட்களில்தான் கூடப் பைத்தியம். பிடிக்குள் இருக்கும் மூங்கில் ஆப்பைத் தட்டிக் கழற்றினால், பிடிக்குள் மறைந்திருந்த இரும்பு கறுப்பாகத் துருவேறி வெளியே வரும். அந்தத் துருவைத் தேய்க்கவே கூடாது. அதில்தான் கொல்லன் தன் பெயரை உளியால் வெட்டியிருப்பான். இவன் மினோ நாட்டுக்காரன், இவன்ரை தகப்பனும் நல்ல வேலைகாரன், இது அவனுக்கு வயது போன பிறகு செய்தது, எழுத்துச் சரியிறதைப் பார் பிள்ளை, கை நடுங்கியிருக்கு என்றெல்லாம் என்னிடம் சொல்லுவார். ஒருநாளும் காணாத மனிசரைச் சொந்தக்காரர் மாதிரிக் கதைப்பார்.

ஒரு பின்னேரம் அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்று தெரியாமல், அந்தக் கொல்லர்கள் வாள் செய்யத் தொடங்கமுன் பச்சைத் தண்ணீரில் முழுகி, வெள்ளை உடுத்தி, உலையைச் சுற்றிச் சாமிக் கயிறு கட்டி, மச்சம் மாமிசம் தொடாமல் விரதம் இருந்துதான் இரும்பில் கை வைப்பார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா செருமினார்.

"அப்ப அவன் கொல்லன் இல்லை. குருக்கள்."

"ஓம் அத்தான். அப்பிடியும் சொல்லலாம்."

அப்பா எழும்பி வந்து குந்தியிருந்து அந்தக் கறுத்த இரும்பைப் பார்த்தார். ஒரு பக்கம் கொல்லனின் பெயர் என்று மாமா காட்டினார். அப்பா அதை மறுபக்கம் திருப்பிக் காட்டச் சொன்னார். மற்றப் பக்கத்தில் தங்கம் பதித்த எழுத்துகள் மினுங்கின. பொன்னெழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பா கேட்டார்.

மாமா கொஞ்சம் தயங்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இரண்டு உடலை அறுத்தது எண்டு இருக்கு அத்தான்."

அப்பா அப்படியே எழும்பி நின்றுவிட்டார்.

"திருப்பிச் சொல்லு."

"இரண்டு உடலை அறுத்தது."

"சிவசிவா! தூல உடம்பு, சூக்கும உடம்பு. இந்தக் கண்ணுக்குத் தெரியிற உடம்பு ஒண்டு, உள்ளுக்கை நிண்டு திரும்பத் திரும்பப் பிறக்கப் பண்ணுற உடம்பு ஒண்டு. ரெண்டையும் அறுத்தால்தானேயடா வீடுபேறு! எங்கையோ கிடக்கிற யப்பானிலை ஒரு கொல்லன் இதைப் பொன்னாலை எழுதி வைச்சிருக்கிறான். இஞ்சை வாருமப்பா, உம்மடை தம்பி என்ன கொண்டு வந்திருக்கிறான் எண்டு வந்து பாரும்!"

மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா என்னைப் பார்த்து, "மாமாவுக்கு ஒரு கதிரை கொண்டு வந்து போடு பிள்ளை. ஏன் அவன் நிலத்திலை இருக்கிறான்?" என்றார். நான் ஓடிப்போய்க் கதிரையைத் தூக்கிவந்தேன். மாமா வாயை மூடிக்கொண்டு அதில் இருந்தார். முள்ளில் இருக்கிறவர் மாதிரித்தான் இருந்தார். ஆனாலும் முகத்தில் ஒரு சந்தோசம் இருந்தது.

அன்றிலிருந்து அந்த வாள் சாமியறைக்குப் போய்விட்டது. உறையில் சந்தனப் பொட்டு வைத்து, பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்தார் அப்பா. உறைக்கு மட்டும் வையுங்கோ, இரும்பில் சந்தனம் படவேண்டாம் என்று மட்டும்தான் மாமா சொன்னார். கோயிலில் பயன் சொல்லும்போது, இரண்டு உடல் அறுத்த வாள் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று அப்பா சொன்னார். சனம் வெள்ளிக்கிழமைகளில் பார்க்க வந்தது. மாமா விறாந்தையில் அப்பாவோடு சரிசமமாக இருந்து தேத்தண்ணி குடித்தார். வயல் விதைப்புப் பற்றிக்கூட அப்பா அவரிடம் யோசனை கேட்டார். அவருக்கு வயலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

அந்தக் காலத்தில் அம்மா பிள்ளைத்தாச்சி. எனக்குப் பிறகு ஒரு பெண்பிள்ளை பிறந்து, பெயர் வைக்கமுன்னமே போய்விட்டது. அதனால் இந்தமுறை வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம். கிளிநொச்சி ஆசுப்பத்திரியில் தம்பி பிறந்து வீட்டுக்கு வந்தான். பச்சைப் பிள்ளைக்குக் காத்துக் கறுப்பு அண்டாமல் பக்கத்தில் ஓர் இரும்பு வைக்கிறது எங்கள் வழக்கம். பாக்குவெட்டி வைப்பார்கள், சின்னக் கத்தி வைப்பார்கள். அப்பா சாமியறைக்குள் போய் அந்த வாளை உறையோடு எடுத்துவந்து தம்பியின் தலைமாட்டில் வைத்தார்.

மாமாவின் முகம் வெளிறிப்போனதை நான் கண்டேன்.

"அத்தான், இது வேண்டாம். பாக்குவெட்டி காணும்."

"உன்ரை மருமகனுக்குக்கூடக் குடுக்க மனமில்லையோ? உனக்கு உன்ரை சாமானிலை அவ்வளவு ஆசையோ?"

"அதில்லை அத்தான்..."

"பிறகென்ன?"

மாமா வெளியே போய்விட்டார். அந்த மாதம் முழுக்க அந்த மனிசன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தம்பி இருமினாலும் ஓடிவந்து வாசலில் நிற்பார். தன் வாளுக்கு ஏதும் நடந்துவிடும் என்று கவலைப்படுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

முப்பத்தோராம் நாள் பிறந்த தீட்டு நீங்கித் துடக்குக் கழிந்தது. ஐயர் வந்து புண்ணியதானம் செய்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். துணுக்காயில் இருந்து அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, முதல்நாளே வந்துவிட்டா. விறாந்தை நிறைய ஆட்கள். அந்த நேரம் பார்த்துப் படலையில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. மாமாவோடு கப்பலில் சமையல் வேலை செய்த கூட்டாளி, நாயாற்றுப் பக்கத்துக்காரர். பெரிய சத்தமான மனிசன். சைக்கிளின் பின்னுக்குப் பெரிய பொட்டலம்.

"மருமகன்காரனுக்கு நல்ல பாரைக் கருவாடு கொண்டு வந்திருக்கிறன் அக்கா!"

"ஐயோ தம்பி, இது சைவ வீடு!" என்று மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினா. "அந்த வேப்பமரத்திலை கட்டிப்போட்டுக் காலைக் கழுவிக்கொண்டு வா!"

"முப்பத்தொரு நாள் பிள்ளைக்குக் கருவாடு கொண்டு வந்த முதல் ஆள் நீர்தான்" என்று அம்மா உள்ளே இருந்து சிரித்தா. எல்லோரும் சிரித்தார்கள். அவர் வெட்கப்படவில்லை. பொட்டலத்தை மரத்தில் கட்டிவிட்டு, காலைக் கழுவி, முகத்தையும் கழுவி, திருநீறும் பூசிக்கொண்டு வந்து இருந்தார்.

அப்பாவுக்கு அன்று நல்ல சந்தோசம். தம்பியை அம்மா வாசலோரத்தில் பாயில் கிடத்தியிருந்தா. தலைமாட்டில் வாள். அதைக் காட்டி அப்பா வந்தவர்களுக்குப் பயன் சொல்லத் தொடங்கினார். தூல உடம்பு என்றார், சூக்கும உடம்பு என்றார், அறுப்பது என்றால் என்ன, அறுபடுவது என்றால் என்ன என்று குரலை ஏற்றி இறக்கிச் சொன்னார். சனம் தலையாட்டியது. மாமா தூணோடு சாய்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டாளி வாளைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணை, நீங்கள் சரியான பகிடிக்காரன். நானும் இவனும் சேர்ந்து போய்த்தானே இதை வாங்கினது. கடைக்காரக் கிழவன் கையாலை காட்டிச் சொன்னவன். ரெண்டு ஆளை ஒண்டுக்கு மேலை ஒண்டாய்ப் போட்டு, ஒரே வெட்டிலை இடுப்போடை துண்டாக்கின வாளெல்லோ இது!"

ஒருவரும் அசையவில்லை. அவர் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் நிறுத்தினார்.

"பிள்ளையைத் தூக்கு!" என்று மாமி வீரிட்டா. "தூக்கடி பிள்ளையை!"

அம்மா தம்பியைப் பறித்தெடுத்து நெஞ்சோடு அணைத்த வேகத்தில் அவன் வீரிட்டு அழத் தொடங்கினான். மாமி குசினிக்குள் ஓடி உப்பும் செத்தல் மிளகாயும் அள்ளிக்கொண்டு வந்து பிள்ளையைச் சுற்றினா. ஓர் ஆள் செம்போடு தண்ணீர் கொண்டு வந்தார், என்ன செய்வதென்று தெரியாமல் தானே குடித்தார். ஒரு மாதமாக என் தம்பி இரண்டு செத்த மனிசருக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தவன் என்றுதான் எனக்குப் பட்டது. போன தங்கச்சி மாதிரி இவனும் போய்விடுவான் என்று நினைத்தேன். அம்பாளே, அம்பாளே என்று சொல்லிக்கொண்டு தூணைக் கட்டிப்பிடித்தேன்.

அப்பா மாமாவின் பக்கம் திரும்பினார்.

"உண்மையோடா?"

"ஓம் அத்தான்."

"நான் அம்பாள் சந்நிதியிலை இருந்து ஊர்ச் சனத்துக்குப் பயன் சொன்னனானடா! சாமியறையிலை வைச்சுக் கும்பிட்டனான்! ஏன் எனக்குப் பொய் சொன்னனீ?"

"நான் பொய் சொல்லேல்லை அத்தான். இரண்டு உடலை அறுத்தது எண்டுதான் எழுதியிருக்கு. அதைத்தான் சொன்னனான்."

"பிறகு ஏன் வாயைத் திறக்கேல்லை?"

"திறந்தனான்." மாமா அந்தக் கதிரையைப் பார்த்தார். "நீங்கள் கதிரை போடச் சொன்னியள்."

அப்பா ஒன்றும் விளங்காதவர் மாதிரி அவரைப் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் குளத்துப் பக்கம் காட்டினார்.

"உந்த மூண்டையும் கொண்டுபோய்க் குளத்திலை எறி. ஏலாட்டி அதுகளோடை நீயும் வெளிக்கிடு. இந்த வீட்டிலை உனக்கு இனி இடமில்லை."

மாமா குனிந்து வாளை எடுத்தார். கூட்டாளி செருப்பைத் தேடினார். அது காலடியிலேயே கிடந்தது, அவருக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் அம்மா வாசலுக்கு வந்தா. தம்பி அழுது ஓய்ந்து அவவின் தோளில் விக்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, நில். ஆர் அந்த ரெண்டு பேரும்?"

"குற்றவாளியள் அக்கா. அரசாங்கம் மரணதண்டனை குடுத்த ஆக்கள். செத்த பிறகுதான் வெட்டினது. உயிரோடை இல்லை."

"செத்த பிறகு ஏன் வெட்டினவை?"

"வாள் நல்லாய் வெட்டுதோ எண்டு பார்க்க."

அம்மா கண்ணை மூடித் திறந்தா.

"வாளைச் செய்தவன்ரை பேர் அதிலை இருக்கெண்டு சொன்னனீ."

"ஓம் அக்கா."

"பொன்னெழுத்திலை ரெண்டு உடல் எண்டதோடை வேறை என்ன கிடக்கு?"

"வெட்டிப் பார்த்தவன்ரை பேர்."

"வெட்டுப்பட்டவையின்ரை பேர்?"

மாமா வாயைத் திறந்தார். அந்தக் கொல்லனின் தகப்பன் பெயர் அவருக்குத் தெரியும், தகப்பனின் குரு பெயர் தெரியும், எந்த வயதில் கை நடுங்கத் தொடங்கியது என்றுகூடத் தெரியும்.

"இல்லை அக்கா" என்றார் பிறகு. "நான் யோசிச்சுப் பார்க்கேல்லை."

அவர் அழுததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அவ்வளவு பெரிய மனிசன், நடு விறாந்தையில் நின்று, வாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணீரைத் துடைக்கவும் இல்லாமல் அழுதார். வாள் போகப்போகிறது என்றுதான் அழுகிறார் என்று நினைத்து எனக்குக் கோபம்கூட வந்தது.

அம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னா: "குளத்திலை எறியேலாது. அந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறம், அந்தத் தண்ணியிலைதானே நெல்லு விளையுது. அதோடை, ஒரு மாசமா அந்த ரெண்டு பேரும் என்ரை பிள்ளையின்ரை தலைமாட்டிலை நிண்டவை. பிள்ளைக்கு ஒரு காய்ச்சல்கூட வரேல்லை. அவையைத் தண்ணியிலை தள்ளிப்போட்டு நான் எப்பிடிக் கையெடுத்துக் கும்பிடுறது?"

"நீ என்ன கதைக்கிறாய்? பேயள்!" என்று மாமி பாய்ந்தா.

"பேயோ என்னவோ மச்சாள். ஆரோ பெத்த பிள்ளையள்."

நான் அப்பாவின் வாயைப் பார்த்தேன். அவர் இதற்கும் ஏதாவது பயன் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதிரையில் இருந்துகொண்டு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்க்காமலே, "இரடா" என்றார். மாமா நிலத்தில் இருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லோரும் கோயிலுக்குப் போனோம். பூசை முடியும்வரை நின்று, அம்மா ஐயரிடம் இரண்டு மோட்ச விளக்கு ஏற்றவேண்டும் என்று சொன்னா. ஐயர் கையில் பூவை எடுத்துக்கொண்டு, வழக்கம்போலப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"தெரியாது ஐயா" என்றா அம்மா.

"எந்த ஊர் ஆக்கள்?"

"யப்பான்."

ஐயர் பூவோடு அப்படியே நின்றார். பெயர் இல்லாமல் எப்படி அருச்சிப்பது என்று மெதுவாகக் கேட்டார். அம்மா மாமாவைத் திரும்பிப் பார்த்தா. மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்போது பின்னுக்கு நின்ற அப்பா, பயன் சொல்லுகிற அந்தப் பெரிய குரலில் இல்லாமல், ஒரு சின்னக் குரலில் சொன்னார்: "ரெண்டு பேர் எண்டே சொல்லுங்கோ ஐயா. அம்பாளுக்குத் தெரியும் ஆரெண்டு."

ஐயர் அப்படியே சொன்னார். மந்திரத்துக்கு நடுவில் "ரெண்டு பேர்" என்று வர, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெயரும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, அழுவதற்கு ஓர் ஆளும் இல்லை, இப்படியும் மனிசர் சாவார்களா என்று அந்த வயதில் நினைத்தேன். யப்பானில் மட்டும்தான் அப்படி நடக்கும் போலிருக்கிறது என்று எனக்கு நானே விடையும் சொல்லிக்கொண்டு, அம்மாவின் சீலைக்குப் பின்னால் மறைந்து நின்று, வாயைப் பொத்திப் பொத்திச் சிரித்தேன்.